படைவீரர் குழு ஆயுள் காப்பீடு (ஐக்கிய அமெரிக்கா)

படைவீரர் குழு ஆயுள் காப்பீடு என்பது ஐக்கிய அமெரிக்கப் படையினருக்காக 1965 முதல் அந்நாட்டு அரசின் மேற்பார்வையில் நடைபெற்றுவரும் காப்பீட்டுத் திட்டம் ஆகும். முழுநேரப் பணியில் சேர்பவர் விண்ணப்பிக்காமலேயே இதில் இணைக்கப்படுகிறார், விரும்பினால் விலகலாம். உச்சத் தொகை 2023 மார்ச் முதல் 5,00,000 டாலர்களாகும்.

குடும்பத்தினர்

துணைவருக்குக் கட்டணத்துடன் 1,00,000 டாலர்கள் வரையும், சார்ந்திருக்கும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் கட்டணமின்றி 10,000 டாலர்களும் காப்பீடு உண்டு.

பணி விலகிய பின்

பொதுவாக 120 நாட்கள் காப்பீடு நீடிக்கும். 240 நாட்களுக்குள் முன்னாள் படைவீரர் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தால் உடல்நலச் சான்று தேவையில்லை.

பயனாளி

தொகை, வீரர் பதிவுசெய்த பயனாளிக்கே சேரும். உயில் அதனை மாற்றாது. ரிட்ஜ்வே எதிர் ரிட்ஜ்வே வழக்கில் (1981), பிள்ளைகளுக்காகக் காப்பீட்டைத் தொடருமாறு மணமுறிவுத் தீர்ப்பு இருந்தும், தொகை இரண்டாம் மனைவிக்கே உரியது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே மணம், மணமுறிவு, மகப்பேறு ஆகியவற்றுக்குப் பின் பயனாளிப் பதிவைத் திருத்துதல் இன்றியமையாதது.