முகாந்திரமும் குழந்தையும்

ஒரு குழந்தையைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமலே கட்டாயக் கண்காணிப்பில் வைக்க வேண்டுமானால், அதற்குச் சட்டம் ஒப்பும் முகாந்திரம் யாது என்ற வினாவுக்கு ஸ்காட்லாந்து தேசத்தார் கண்ட விடை, மற்றெந்த நாட்டின் விடையைக் காட்டிலும் என் மனத்துக்கு இசைந்ததாக இருந்துவருகிறது.

குற்றம் புரிந்த சிறுவர்கள் அங்கே வெகுகாலம் ஷெரீப் எனப்படும் நீதிபதியின் மன்றத்திலும் நகர நீதிமன்றங்களிலும் நிறுத்தப்பட்டார்கள். சிறாருக்கென்றே 1932ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நீதிமன்றங்களோ நான்கே பிரதேசங்களில்தான் ஏற்பட்டன. 1961இல் நியமிக்கப்பட்டு, நீதிபதி கில்பிராண்டன் பிரபுவின் தலைமையில் ஆராய்ந்து, 1964இல் அறிக்கை அளித்த குழு, திருடிப் பிடிபட்ட பையனும் கவனிப்பாரற்று விடப்பட்ட பெண்ணும் பெரும்பாலும் ஒரே விதமான அவல நிலையிலிருந்தே வருகிறார்கள் என்று கண்டது. எனவே, நடந்தது என்ன என்ற விவாதம் எழுந்தால் அதை நீதிமன்றம் தீர்க்கட்டும், குழந்தைக்கு வேண்டியது என்ன என்பதை வேறொரு சபை ஆலோசிக்கட்டும் என்று அது பிரித்துவைத்தது.

அந்தப் பிரிவினையே 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நாடி. பெற்றோரின் கட்டுக்கு அடங்காமை, தீய சகவாசம், பராமரிப்பின்மை, தக்க காரணமின்றிப் பள்ளிக்குச் செல்லாமை, குற்றம் புரிந்தமை முதலியன அதன் 32ஆம் பிரிவில் ஒரே வரிசையில் நின்றன. 1971 ஏப்ரல் 15 முதல், ஆணும் பெண்ணுமாகச் சாதாரணக் குடிமக்கள் மூவர், நீதிபதியின் அங்கியோ உயர்ந்த பீடமோ இன்றி, குழந்தையோடும் பெற்றோரோடும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்தார்கள். முகாந்திரத்தை மறுத்தால் விஷயம் ஷெரீப்பிடம் போகும். குற்றம் என்ற முகாந்திரத்துக்கு மட்டும் கிரிமினல் வழக்குக்குரிய ருசு வேண்டும். ஆனால் முகாந்திரம் ருசுவானாலும் அதனாலேயே ஆணை பிறந்துவிடாது. கட்டாயம் அவசியந்தானா என்று மூவரும் தனியே தீர்மானிக்க வேண்டும். இந்த இரண்டாம் கேள்வியைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

முறை எவ்வளவு உயர்ந்ததாயினும் அதை நடத்துவோர் தவறினால் என்ன ஆகும் என்பதை ஆர்க்னித் தீவுகள் காட்டின. 1991 பிப்ரவரி 27 அன்று, பொழுது நன்றாக விடியுமுன்னரே, நான்கு குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது குழந்தைகள், பாலியல் கொடுமை நடந்ததென்ற சந்தேகத்தின்பேரில், வீடுகளிலிருந்து அகற்றப்பட்டுக் கடல் கடந்து கொண்டுபோகப்பட்டார்கள். மூவர் கொண்ட விசாரணைச் சபை அந்தக் குழந்தைகளை வரவழைக்கவில்லை. முகாந்திரத்தை ஒப்புகிறீர்களா என்று அவர்களைக் கேட்கவும் இல்லை. அதையே அடிப்படைக் குறையாகக் கருதி ஷெரீப் கெல்பி, முகாந்திரத்தை ருசுப்படுத்தக் கோரி வந்த மனுவை ஏப்ரல் 4 அன்று தள்ளிவிட, அன்றைக்கே குழந்தைகள் விமானத்தில் வீடு திரும்பினார்கள். அவருடைய தீர்ப்பு பிழையென்று மேல் நீதிமன்றம் ஜூன் மாதத்தில் கூறியது; ஆயினும் வழக்கு கைவிடப்பட்டமையால் சாட்சியம் கடைசிவரை விசாரிக்கப்படவே இல்லை. அந்தக் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் இழைக்கப்பட்ட அநீதிகளில் இதைக் கடைசியாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

1992இல் ஆர்க்னி நிகழ்ச்சி குறித்துக் கிளைடு பிரபுவின் விசாரணை அறிக்கையும், 1995இல் புதிய சட்டமும் வந்தன. 2013 ஜூனில் அமலுக்கு வந்த 2011ஆம் ஆண்டுச் சட்டம் 67ஆம் பிரிவில் முகாந்திரங்களைப் பதினேழாக விரித்தது: ‘தீய சகவாசம்’ என்ற பழைய சொற்றொடர் நீங்கிற்று, குடும்ப வன்முறை புரிந்தவரோடு நெருங்கிய தொடர்பும், விவாகத்துக்கு வற்புறுத்தலும் இடம் பெற்றன. பள்ளிக்குச் செல்லாமையோ ஏறக்குறைய பழைய வாசகத்தோடே நிலைத்திருக்கிறது. சபை கூடியதும் தலைவர் ஒவ்வொரு முகாந்திரத்தையும் குழந்தைக்கு விளக்கி, “இதை நீ ஒப்புக்கொள்கிறாயா?” என்று கேட்க வேண்டுமென 90ஆம் பிரிவு விதிக்கிறது. விளக்கம் புரியாத சிறு குழந்தையாயின், அதன் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாமல், விஷயத்தை ஷெரீப்பின் முன் ருசுப்படுத்த வேண்டும், இல்லையேல் அதை விட்டுவிட வேண்டும்.