அழைப்பெண்ணிக்கையும் ஆயத்தநிலையும்: வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தின் ஊரகத் தீயணைப்பு நிலையங்கள்

ஊரகத் தீயணைப்பு நிலையம் ஒன்றைத் தொடர்ந்து நடத்துவதா மூடுவதா என்று ஆராயும்போது, ஓராண்டில் அங்கு வந்த அழைப்புகளின் எண்ணிக்கையே பெரும்பாலும் முதல் அளவுகோலாகிறது. எளிதில் எண்ணலாம் என்பதைத் தவிர அதற்கு வேறு சிறப்பில்லை. ஏனெனில் தீயணைப்புத் துறை மக்களுக்கு அளிப்பது ஆயத்தநிலை, அதாவது அழைப்பே வராத நேரத்திலும் வண்டியும் நீரும் வீரர்களும் புறப்படத் தயாராக இருக்கும் நிலை. 2019 வரை ஒரே மாவட்டமாக இருந்து, இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்துள்ள பாலாற்றங்கரைத் தோல் தொழில் வட்டாரத்தில் இந்த அளவுகோல் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

ஊர்ப்புறத்து வழக்கமான அழைப்புகள் வைக்கோற்போரில் பிடித்த தீ, கூரை வீடு, கிணற்றில் விழுந்த மாடு போன்றவை. தோல் தொழிற்சாலையிலிருந்து அபூர்வமாக வரும் அழைப்போ வேறு தன்மையது. மயிர் நீக்கும் சுண்ணாம்புக் கட்டத்தில் சோடியம் சல்பைடு சேர்க்கப்படுவதால், அக்கழிவுநீர் பின்னர் வரும் அமிலக் கட்டத்தின் கழிவுநீரோடு கலந்தால் ஐதரசன் சல்பைடு என்னும் நச்சு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றத்தால் அறியப்படும் இவ்வாயு, காற்றில் பத்து இலட்சத்தில் நூறு பங்கை எட்டும்போது சில நிமிடங்களில் முகரும் உணர்வையே மழுங்கச் செய்துவிடுகிறது. ஆகவே தொட்டிக்குள் இறங்கியவர் ஆபத்தை உணர்வதில்லை, அவரைத் தூக்க இறங்கும் தோழரும் மயங்கி விழுகிறார். காற்று உருளையை முதுகில் சுமந்து அதிலிருந்தே மூச்சு விடும் கருவியணிந்த பயிற்சி பெற்ற வீரரே அங்கு இறங்கத் தக்கவர். 2015 ஜனவரி 31 அன்று நள்ளிரவு கடந்த வேளையில் இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, அருகிலிருந்த தோல் தொழிற்சாலையில் உறங்கிய 10 தொழிலாளர் இறந்தனர். அங்கே தீயே இல்லை. நிலையப் பதிவேட்டில் இத்தகைய பேரிடரும் ஓர் அழைப்புதான், கிணற்று மாடும் ஓர் அழைப்புதான்.

நிலையங்களின் தொலைவு குறித்து 1973இல் ஆய்வாளர்கள் கோலசாரும் புளூமும் நியூயார்க் நகர ஆய்வின்வழி வெளியிட்ட வர்க்கமூல விதி, வண்டி கடக்கும் சராசரித் தொலைவு ஒரு நிலையத்தின் பங்குக்கு வரும் பரப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்கிறது. அதன்படி நான்கு நிலையங்களில் ஒன்றை மூடினால் சராசரித் தொலைவு ஏறத்தாழ 15 விழுக்காடே கூடும். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் அந்த உயர்வு எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. மூடப்பட்ட நிலையத்தைச் சூழ்ந்த ஊர்களே அதில் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. அண்டை நிலையத்தின் வண்டி அந்நேரம் வேறோர் இடத்துக்குச் சென்றிருந்தால் இக்கணக்கும் பொய்த்துவிடும்.

செலவு குறித்த வாதத்தைப் புறந்தள்ள முடியாது. வேலையற்றிருக்கும் வீரர்களும் வண்டியும் வரிப்பணம்தான். ஆயினும் தீயணைப்புப் பணிகளின் விரிவாக்கத்துக்கும் நவீனமயத்துக்கும் ஒன்றிய அரசு 2023இல் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்துள்ள நிலையில், அழைப்பற்ற நேரத்தைத் தொழிற்சாலைத் தொட்டிகளைப் பார்வையிடவும் தொழிலாளருக்குப் பயிற்சியளிக்கவும் பயன்படுத்துவதே முறை. இடம் பொருந்தாத நிலையத்தை இடம் மாற்றலாம். ஊரகத்துக்கென வகுக்கப்பட்ட 20 நிமிட வரம்புக்குள் அண்டை நிலைய வண்டி வந்து சேர்கிறது என்று பகலிலும் இரவிலும் ஓட்டிப் பார்த்து மெய்ப்பிக்காத வரை, அழைப்புக் குறைவு ஒன்றையே காரணங்காட்டி இவ்வட்டாரத்தில் எந்த நிலையத்தையும் மூடலாகாது.