கண்டியில் பலகணியும் பார்வையும்

கண்டி இராச்சியத்தில் யார் எப்படி வீடு கட்டலாம் என்பது அரசன் வகுத்த வரம்புக்குட்பட்டது. 1660 முதல் 1679 வரை அங்கே சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வெளியிட்ட நூலில், குடிமக்கள் மாடி எழுப்பவோ ஓடு வேயவோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ கூடாது என்றிருந்ததைப் பதிந்திருக்கிறார். அவர்களுக்குக் களிமண் சுவரும் தாழ்ந்த வேய்ந்த கூரையுமே வாய்த்தன. பிரதானிகளின் வளவுகள் ஓடு வேய்ந்து, நடுமுற்றத்தைச் சுற்றி எழுந்தன. வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே வந்ததால், வெளிப்பக்க யன்னல்கள் சிறிதாக இருந்தாலே போதும். அவற்றில் கடைந்த மரக்கம்பிகளை நிறுத்தினார்கள். உள்ளே இருப்பவர் தெருவைக் காணலாம். தெருவில் போகிறவருக்குத் தெரிவது இருட்டு மட்டுமே.

மறைந்திருந்து பார்க்கும் இந்த உரிமை உலகெங்கும் மேன்மக்களின் வீட்டோடு சேர்ந்தது. எபிரேய வேதத்தின் நியாயாதிபதிகள் நூலில், போருக்குப் போன மகனின் தேர் ஏன் வரவில்லை என்று படைத்தலைவன் சிசெராவின் தாய் பலகணியருகே தவிக்கிறாள். மகன் மாண்டது வாசகருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. செல்வ வீட்டின் காவலான பலகணி, அங்கே காத்திருப்பவளின் சிறையாகவும் ஆகிவிடுகிறது. உன்னதப்பாட்டில் திசை மாறுகிறது: காதலன் வெளியே நின்று கிராதியூடே உள்ளே நோக்குகிறான்.

கண்டியிலும் பெண்களுக்கென ஒதுக்கிய இடம் ஒன்று உண்டு. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் (1798–1815) காலத்தில் அரசியர் நீராடிய உல்பென்கே மண்டபம், தலதா மாளிகையை அடுத்து ஏரிக்கரையில் நிற்கிறது. பின்னாளில் பிரித்தானியர் அதன்மேல் மாடி கட்டி நூலகமாக்கினர். அந்தப்புரத்துக்கென ஒதுக்கிய இடம் அப்படியே ஆட்சியாளர் வாசிக்கும் இடமாயிற்று.

அதே அரசனின் கட்டடக் கலைஞர் தேவேந்திர மூலாச்சாரி, ஏரிக்கரையில் ‘வலாகுளு பெம்ம’ எனும் முகில் மதிலை எழுப்பினார். மேல்விளிம்பு மேகம்போல் அலையலையாக வளையும். உடலெங்கும் முக்கோணத் துளைகள் வரிசையாக இருக்கும். திருவிழா இரவுகளில் ஒவ்வொரு துளையிலும் விளக்கேற்றுவார்கள். வளவு யன்னல் மறைப்பதற்கென்றால், இந்தத் துளைகள் காட்டுவதற்கென்றே அமைந்தவை: சுவர் முழுவதும் ஒளிர, அது ஏரி நீரிலும் தெரியும். கண்டிக் கட்டடக் கலையில் இதற்கு ஈடான கற்பனை அரிது. 1815இல் இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. மதில் ஏரியை முழுதும் சுற்றி வராமல் நின்றுபோனது.