கிரயப் பத்திரமும் யதீமின் பங்கும்

இராஜபாளையத்தில் வீடு வாங்க முனைவோர் முதலில் கேட்பது வில்லங்கச் சான்றிதழ். முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கம் ஏதுமில்லை என்று அதில் கண்டுவிட்டால் மனம் ஆறுகிறது, முன்பணம் கைமாறுகிறது. ஆனால் அச்சான்றிதழ் தெரிவிப்பது, சார்பதிவாளர் அலுவலகப் புத்தகங்களில் அச்சொத்தைக் குறித்து இன்னின்ன ஆவணங்கள் பதிவாகியுள்ளன என்பதை மட்டுமே. வீட்டுக்குரியவர் இறந்த கணத்தில் அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் பருவமெய்தாத மகனுக்கும் உண்டாகும் பங்கு எந்தப் பத்திரத்தாலும் உண்டாவதன்று, ஷரீஅத்தால் உண்டாவது. எனவே அது அச்சான்றிதழில் தோன்றாது. நம்மவர் வீட்டு விற்பனைகள் பிற்காலத்தில் நீதிமன்றம் ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்நிலை உருவானதற்கு ஒரு வரலாறு உண்டு.

திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. ஃபுகஹாக்களில் பெரும்பாலோர் அவ்வெழுத்தைக் கட்டாயமெனக் கொள்ளாது, விரும்பத்தக்கது என்றே கொண்டனர். அவர்களுக்குச் சாட்சியமே முதன்மையானது. எனினும் பத்திரம் எழுதுவதை ‘இல்முஷ் ஷுரூத்’ என்னும் தனிக் கலையாகவே அவர்கள் வளர்த்தார்கள். எகிப்தின் இமாம் தஹாவீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹி. 321) இக்கலையில் பெருநூல் இயற்றினார்கள். ஃபதாவா ஆலம்கீரியில் இதற்கெனத் தனிப் பகுதியே உண்டு. மனையின் எல்லைகளில் மூன்றைக் குறித்தால் போதும் என்பது ஹனஃபி மத்ஹபின் கருத்து. நான்கையும் குறிக்க வேண்டும் என்றார்கள் இமாம் ஸுஃபர் (ரஹ்). விற்ற பொருளுக்குப் பின்னர் வேறொருவர் உரிமை கொண்டாடினால் விற்றவரே பொறுப்பு என்பதற்கு ‘ளமானுத் தரக்’ என்று பெயர். நம்மூர்ப் பத்திரங்களின் இறுதியில், பின்னிட்டு வில்லங்கம் தோன்றினால் விற்பவரே முன்னின்று தீர்த்துத் தருவதாக எழுதப்படும் உறுதிமொழியும் இதே பொறுப்பைத்தான் சொல்கிறது. இதனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனச் சொல்லிவிட இயலாது. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே விலையாவணமும் பெருநான்கெல்லையும் உள்ளன. ஆனால் சொற்கள் வந்த வழி தெளிவானது. ஷரத்து, வாரிசு, அசல், நகல், ரத்து, தாவா, ஜாமீன் யாவும் அரபுச் சொற்களே. பாரசீக மொழியில் எழுதப்பட்ட நிர்வாகத்தின் வழியாக அவை தமிழ்ப் பத்திரத்தில் வந்து அமர்ந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமை அக்காலத்தில் திருநெல்வேலியைச் சேர்ந்தது. ஆற்காடு நவாபின் ஆளுகையில் இருந்த அது, 1801ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கம்பெனியின் கைக்குச் சென்றது. 1910இல் இராமநாதபுரம் ஜில்லாவிலும், 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் அடங்கியது. கம்பெனியாட்சி காஜிகளின் நீதி அதிகாரத்தைத் தன் நீதிமன்றங்களுக்கு எடுத்துக்கொண்டது. எனினும் பத்திரங்களை எழுதிச் சான்றளித்து முத்திரையிடும் பணி அவர்களிடம் எஞ்சியிருந்தது. 1864ஆம் ஆண்டின் 11ஆவது சட்டம் அரசு காஜிகளை நியமிக்கும் முறையை நீக்கியது. அதே ஆண்டின் 16ஆவது சட்டம் ஆவணப் பதிவுத் துறையை உருவாக்கியது. 1865 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததை நம் வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே எண்ணுகிறேன். 1880இல் காஜிகள் சட்டம் வந்து அப்பதவி மீண்டது. ஆனால் நிக்காஹ் முதலிய சடங்குகளுக்கு அப்பால் அதற்கு எவ்வதிகாரமும் இல்லை.

ஃபிக்ஹ் நூல்கள் கூறும் காஜி முத்திரையிடுபவர் மட்டுமல்லர். பொறுப்பாளர் இல்லாத யதீம்களின் சொத்துக்குக் காவலரும் அவரே. ஹனஃபி மத்ஹபில் சிறுவரின் சொத்துக்குப் பொறுப்பாளர் முதலில் தந்தை, அடுத்து அவர் நியமித்த வஸீ, பின்னர் தந்தைவழிப் பாட்டனார், அவருடைய வஸீ, இறுதியில் காஜி. வஸீயாக இருப்பவரும் யதீமின் வீட்டை எளிதில் விற்றுவிட முடியாது. இருமடங்கு விலை கிடைத்தல், பராமரிப்புக்கு வேறு வழியின்மை, இறந்தவரின் கடன் போன்ற காரணங்கள் வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபிலும் தேவையோ வெளிப்படையான இலாபமோ இருந்தாக வேண்டும்.

இந்த வரிசையில் தாய் இல்லை. இதைப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட குறையாகக் கருதுவோர் உண்டு. ஆனால் தந்தை தம் மனைவியையே வஸீயாக நியமிக்கத் தடை எதுவும் இல்லை. உமர் (ரலி) அவர்கள் தம் வக்ஃபு நிலத்தின் பொறுப்பைத் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே ஒப்படைத்தார்கள். நியமனம் இல்லாமல், உறவு ஒன்றையே காரணமாகக் காட்டி யதீமின் சொத்தைக் கையாளுவதற்குத்தான் தடை.

1918இல் இலண்டன் பிரிவி கவுன்சிலின் முன் வந்த வழக்கும் இதுவே. தாய் ஒருவர் தம் இளம் பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து விற்றிருந்தார். தீர்ப்பை எழுதிய நீதிபதி சையத் அமீர் அலி, நியமனம் பெறாத தாய்க்கு அவ்வதிகாரம் இல்லை, பிள்ளைகளின் பங்கைப் பொறுத்தவரை அவ்விற்பனை செல்லாது என்றார். 1952இல் நம் உச்ச நீதிமன்றம் அதே நெறியை மூத்த சகோதரர் ஒருவர் மைனர் தம்பிக்காகச் செய்துகொண்ட குடும்ப ஏற்பாட்டுக்கும் பொருத்தியது.

இனி இராஜபாளையத்து வீட்டுக்கு வருவோம். ஒருவர் மனைவியையும், வயது வந்த ஒரு மகளையும், பன்னிரண்டு வயது மகனையும் விட்டு இறந்தார் என வைத்துக்கொள்வோம். கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சிய சொத்தை 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, மகளுக்கு 7, மகனுக்கு 14. வீட்டில் பாதிக்கு மேல் அச்சிறுவனுடையது. தாயும் மகளும் இணைந்து கையொப்பமிட்டாலும் அவர்கள் விற்க முடிந்தது 10 பங்கே. சார்பதிவாளரின் கடமை, எழுதிக் கொடுத்தவர் தாமே எழுதிக் கொடுத்ததாக ஒப்புக்கொள்கிறாரா எனப் பார்ப்பது. விற்பவருக்கு உரிமை உண்டா என ஆராய்வதன்று. விற்பவர் தம் உரிமைக்கு மூல ஆவணம் காட்டினால்தான் பதிவு என்ற தமிழ்நாட்டின் விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தபோது இக்கருத்தையே வலியுறுத்தியது.

சிறுவனின் பங்கை விற்பதற்கு வேறு கதவைத் தட்ட வேண்டும். தாய் 1890ஆம் ஆண்டின் கார்டியன் மற்றும் வார்டு சட்டப்படி மனுச் செய்து, சொத்துக்குப் பாதுகாவலராக நியமனம் பெற்று, விற்பதற்கு முன் அனுமதியும் பெற வேண்டும். மனு செய்ய வேண்டிய மாவட்ட நீதிமன்றம் இருப்பது விருதுநகரில் அன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒரு காலத்தில் காஜி ஒருவரிடமே இருந்த இரு பணிகள் இன்று இரண்டு ஊர்களில் உள்ளன. இராஜபாளையத்தில் பத்திரம் பதிவாகிறது. சிறிது தொலைவு வடக்கே, ஸ்ரீவில்லிபுத்தூரில், யதீமின் பங்கு ஆராயப்படுகிறது. முதல் வாயிலோடு திரும்பிவிடுவோரே அதிகம். அவர்களில் பலர் தீயவர்கள் அல்லர். இரண்டாவது வாயில் இருப்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. பங்கு பிரித்துத் தர நம் ஆலிம்களிடம் வருவோருக்குக் கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம். மைனர் பங்கு எனில் மாவட்ட நீதிமன்ற அனுமதி வேண்டும் என்ற ஒரு வரியையும் அத்தாளில் சேர்க்கலாம். தந்தை உயிரோடு இருக்கும்போதே மனைவியை வஸீயாக எழுதிவைப்பது இன்னும் எளிது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பயணமே அதனால் தேவையற்றுப் போகக்கூடும்.

அனுமதி தரும்போது, சிறுவனின் பங்குத் தொகையை அவன் வயதுக்கு வரும் வரை வங்கியில் வைப்பாக இட நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம். யதீம்களிடம் அறிவு முதிர்ச்சியைக் கண்டபின் சொத்தை ஒப்படைத்து, அதற்குச் சாட்சிகளையும் வைக்கச் சொல்கிறது திருமறை (4:6). அம்முதிர்ச்சி காணப்படாவிட்டால் இருபத்தைந்து வயது வரை நிறுத்தி வைக்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. நீதிமன்றம் பாதுகாவலரை நியமித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலேயர் சட்டம் 21 வயதை வரம்பாக்கியிருந்தது. 1999ஆம் ஆண்டின் திருத்தம் அதையும் 18 ஆக்கிவிட்டது.