சென்னைக்கு ஒரு தேதி, திருச்சிக்கு ஒரு தேதி



இன்ஜின் இடிக்காமல் ஓட அந்தக் காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். அது பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. புதுக் கார்களின் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை ஈயம் கெடுத்துவிடும் என்ற கவலையும் அதில் உண்டு!

நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில்தான். 1995 ஜூனில் என்னிடம் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் அப்போது பத்தாம் வகுப்பு. அதுவரை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றபோது சுவாசித்தது அந்தப் புகையைத்தான்.

பாரத் ஸ்டேஜ் 4 விதியும் அப்படியே: சென்னைக்கு 2010, நாடு முழுவதற்கும் 2017.

ஐந்தைத் தாண்டி ஆறுக்குப் போனபோதுதான் புது வண்டிகளுக்கு டெல்லிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஒரே நாள்: 2020 ஏப்ரல் 1. அன்று ஊரடங்கு. அம்மா மண்டபம் சாலையில் வண்டியே இல்லை.