தளிச்சேரி வீடும் கோயில் அடிமனையும்: குத்தகை நீட்டிப்பு உரிமை பற்றிய ஒரு மறுவாசிப்பு

காவிரிப் படுகையின் கோயில் ஊர்களில் வீடு ஒருவருடையது, அடிமனை கோயிலுடையதோ மடத்துடையதோ என்பது பரவலான நிலை. அந்த மனையின் குத்தகை முடிந்தால் அதை நீட்டித்துக் கேட்கும் உரிமை குடியிருப்போருக்கு உண்டா? தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தால் அது மெல்ல மெல்லக் காணியாகிவிடும், நீட்டிப்பு வெறும் சடங்கு என்ற எண்ணம் வலுவாக நிலவுகிறது. இதற்கு அறிவுலகில் அடித்தளமிட்டவர் எஃப். டபிள்யூ. எல்லிஸ். சென்னையின் கலெக்டராயிருந்த அவர் மிராசு உரிமை பற்றி எழுதி 1818இல் அச்சான விடைகளே பின்வந்த வருவாய்த் துறை எழுத்துகளுக்கெல்லாம் தோற்றுவாய்.

எல்லிஸ் மிராசும் காணியாட்சியும் ஒன்றே என்றார்; அது அரசு கொடுத்ததல்ல, தொன்றுதொட்டு வரும் பரம்பரைச் சொத்து என்றார். நிலமில்லாப் பயிர்க்காரரையும் இரண்டாகப் பிரித்தார்: செலுத்த வேண்டியதைச் செலுத்தும்வரை வெளியேற்ற முடியாத உள்குடி, தவணைக்கு வந்து போகும் பரகுடி. தொண்டை மண்டலத்துப் பயிர் நிலத்தைக் கண்முன் வைத்து அவர் செய்த பகுப்பு இது. அதற்குள் அது கூர்மையானது. கும்பினி அரசு நிலம் முழுவதும் தனதே என்று கொண்டிருந்த காலத்தில் குடிகளின் உரிமைக்காக எழுந்த நேர்மையான குரலும்கூட. ஆனால் அதைச் சோழமண்டலத்துக் கோயில் மனைக்கும் நீட்டி, நீண்டகாலம் குடியிருந்தவரெல்லாம் உள்குடியே என்று கொள்வதை ஏற்க இயலவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் பதிப்பித்தது எல்லிஸ் இறந்து எழுபது ஆண்டுகளுக்குப் பிறகுதான். அவற்றுள் ஒன்று இந்தக் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் 66ஆம் சாசனம் அது. திருவாரூர், திருவையாறு முதலிய ஊர்க் கோயில்களிலிருந்து முதலாம் இராசராசன் கொண்டுவந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலை ஒட்டிய தெருக்களில் குடியிருந்த கோயில் பணிப்பெண்களின், பட்டியல் அதில் உள்ளது. ஒவ்வொரு பெயரின் முன்னும் வீட்டின் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது: தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, அடுத்து இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. சிறகு என்பது தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுதோறும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் நூறு கலம் நெல்.

அடுத்து வரும் விதிதான் முக்கியம். பங்குடையவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த உறவினர் அந்தக் காணியைப் பெற்றுப் பணி செய்யலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரைக்கொண்டு பணி செய்வித்துப் பங்கைப் பெறலாம். உறவினரே இல்லாதபோது அப்பணியில் உள்ளவர்கள் தக்க ஒருவரைத் தேர்ந்து அமர்த்தலாம். காணி என்ற சொல் இங்கேயும் வருகிறது. ஆனால் இந்தக் காணி, உறவினருக்குப் போகும்போதும், பணியை விட்டுத் தனியே நிற்பதில்லை.

வீட்டைப் பற்றி இவ்விதி தனியாக எதுவும் சொல்லவில்லை. இந்த மௌனத்தை எல்லிஸ் வழியில் நின்று, வீடு குடும்பத்திடமே தங்கியது என்று படிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. பணியிலுள்ளோர் வேற்றாள் ஒருவரைத் தேர்ந்து அமர்த்தினால் அவர் எங்கே குடியிருப்பார்? தளிச்சேரியின் சிறகுகள் தலைவீடு முதல் வரிசை எண்ணோடு, எண்ணுக்கு ஓர் ஆளாகக் கணக்கிடப்பட்டவை. பழைய ஆளின் வீடு பணிக்குத் திரும்பாமல் அந்தக் கணக்கு நிற்காது. வீட்டெண் பங்குக்கு முகவரி, பங்கு பணிக்கு ஊதியம். இது ஊகம்தான். ஆனால் எதிர்வாசிப்பைவிடச் சாசனத்தின் அமைப்புக்கு இது நெருக்கமானது. அப்படியானால் இங்கே தவணையும் இல்லை, நீட்டிப்புக் கட்டணமும் இல்லை. ஒவ்வொரு மரணமும் ஒரு புதுப்பிப்பு. அதன் அளவுகோல் தகுதி, குடியிருந்த காலமல்ல.

இந்த ஏற்பாட்டின் காலத்தையும் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டு வரை, அதாவது ஏறக்குறைய 1014 வரை, கொடுத்தவை என்பதே சாசனத்தின் கூற்று. எழுத்து வெட்டப்பட்டது அதற்குச் சற்றுப் பின்னாகவும் இருக்கலாம்.

பணியோடு கட்டுண்ட இந்த வீட்டிலிருந்து வாடகைக்கு விட்ட அடிமனைக்கு எந்த நூற்றாண்டில் வந்து சேர்ந்தோம் என்பதும் திறந்த கேள்வியே. வீடு வேறு, மனை வேறு என்ற பிரிவுக்குச் சட்டத்தில் தெளிவான வடிவம் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தில் கிடைக்கிறது. குத்தகைதாரர் தாம் கட்டியதைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் (1922ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம்) இன்னும் ஒரு படி மேலே போய், கட்டடத்துக்கு இழப்பீடும், நீதிமன்றம் வழியாக மனையை விலைக்குக் கேட்கும் உரிமையும் தந்தது. தஞ்சாவூர் நகருக்கு இது வந்தது 1956இல். நான்கே ஆண்டுகளில், 1960 திருத்தம் அதைக் குடியிருப்புக் கட்டடங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது.

அந்தச் சுருக்கத்தை எதிர்த்து எழுந்தது ஸ்ரீ சங்கரசுவாமிகள் மடத்தின் தஞ்சை மனை பற்றிய வழக்கு. குத்தகைதாரர் சுவாமி மோட்டார் டிரான்ஸ்போர்ட்ஸ். மனையை வாங்கக் கேட்பது சட்டம் தந்த சலுகை, சொத்துரிமை அல்ல; ஆகவே சட்டமன்றம் அதைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லிஸின் காணியாட்சி மனைக்கும் பொருந்துமென்றால் இந்தத் தீர்ப்பு வரலாற்றுக்கு முரணானது. தளிச்சேரிச் சாசனத்தை மேலே சொன்னபடி படித்தால் முரண் எதுவும் இல்லை.

1996 திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை 1922 சட்டத்திலிருந்தே விலக்கியது; மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005இல் அதுவும் நிலைநின்றது. இன்று தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவே ஆள்கிறது: ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும், அது கோயிலுக்குத் தேவையானதாகவோ நன்மை தருவதாகவோ இருக்க வேண்டும். 2003இல் சேர்ந்த 34-ஏ, சந்தை வாடகையை ஒட்டி நியாய வாடகையை நிர்ணயிக்க வழிசெய்தது. இங்கிலாந்தில் 1993 சட்டம் அடுக்குமாடி வீட்டுக் குத்தகையைத் தொண்ணூறு ஆண்டு நீட்டிக்கும் உரிமையைக் குடியிருப்போர் கையிலேயே கொடுத்தது. தஞ்சையில் அந்தச் சாவி எப்போதும் நிறுவனத்திடமே இருந்திருக்கிறது. 1956 முதல் 1996 வரையிலான நாற்பது ஆண்டுகள்தாம் விலக்கு, அவையும் முழுமையற்றவை.

ஆகவே கோயில் மனையில் வீடு கட்டி வாழ்வோரின் நியாயத்தைத் தொன்மையான காணியின்மேல் நிறுத்துவது அவர்களுக்கே பாதகம். அவர்கள் கையிலிருக்கும் மறுக்க முடியாத சொத்து, தம் உழைப்பில் எழுப்பிய சுவரும் கூரையும். 1922 சட்டம் அதற்கு ஒரு மதிப்பு வைத்தது. 1996இல் மனையை வாங்கும் உரிமை மட்டும் போகவில்லை; அந்தச் சட்டத்தின் கட்டட இழப்பீடும் கூடவே போனது. வழக்காடுவோர் மீட்கக் கேட்க வேண்டியது அதைத்தான்.