பறையைக் கைவிட்டவர்களும் மேடையேற்றியவர்களும்

மார்கழி என்றால் சென்னைக்குச் சபாக் கச்சேரி. கீழத்தஞ்சைக்கு அது வெண்மணி மாதம். கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் போராடிக்கொண்டிருந்த நேரத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். சபாக்கள் போற்றும் கர்நாடக இசை மும்மூர்த்திகள் பிறந்த திருவாரூரும் இதே மண்தான். அந்த இசையை வளர்த்த கோயில்களுக்கு நெல் விளைவித்தவர்கள் சேரியில் இருந்தார்கள். அவர்கள் கைக்குக் கொடுக்கப்பட்டது பறை. அதுவும் கலையாக அல்ல, ஊர்க் கடமையாக. சாவு விழுந்தால் போய் அடிக்க வேண்டும். வரமாட்டேன் என்று சொல்ல முடியாது.

அந்தக் கடமையை உதறச் சொன்னவர் கொள்ளிடத்துக்கு வடகரையில் காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த இளையபெருமாள். பறையடிப்பதையும் செத்த மாடு தூக்குவதையும் விடும்படி சேரிகளில் பிரச்சாரம் செய்தார். தீண்டாமை பற்றி ஆராய அவர் தலைமையில் அமைந்த குழு 1969இல் அறிக்கை கொடுத்தது.

1990களில் மதுரையில் நடந்த தலித் கலைவிழாக்களில் அதே பறை விடுதலைக் கருவியாக மேடையேறியது. 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து நடத்தின. கானா, ராப், ராக் கலைஞர்கள் கோட் சூட்டில் நின்றார்கள். சட்டியும் கட்டை மோளமும் கிட்டாருக்குச் சமமாக ஒலித்தன. இடஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பாட்டாயின. 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை'யில் பறை, ஒப்பாரி, கானா, ராப் எனப் பல குழுக்கள் ஒரே மேடையைப் பகிர்ந்தன. சபாக்களின் மாதத்தில் நம் இசையும் கேட்டது.

பறையை விடச் சொன்ன தலைமுறைக்கும் அதை மேடையில் தூக்கிப் பிடிக்கும் தலைமுறைக்கும் முரண் இருக்கிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடிப்பதா வேண்டாமா என்பதை ஊர் முடிவு செய்யக் கூடாது என்றார்கள் அவர்கள். அதை நாங்கள் முடிவு செய்வோம் என்கிறார்கள் இவர்கள்.

ஆனால் கைதட்டலோடு வேலை முடிந்துவிடாது. டெல்டாவின் கடைக்கோடி கிராமத்தில் ஒருவர், "இந்தச் சாவுக்கு நான் வரல" என்று சொல்லிவிட்டு மறுநாள் பயமில்லாமல் டீக்கடைக்குப் போக முடிகிறதா? மேடையில் பறைக்குக் கிடைத்த மரியாதை அந்தத் தெரு வரை வந்து சேர வேண்டும்.